பச்சைக் காப்பு

தமிழ்நாட்டிலேயே வலி குறைந்த ஊர் என்று புன்னைத்துறைக்கு விருது கொடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் நீ ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வா என்று கம்பெனியில் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. வலியே இல்லாத ஊரில் போய் நான் எதைத் தேடுவது? வலி எனக்குத்தான். வலது முட்டி. உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாது, எழுந்தால் உட்கார விடாது. என் மணிக்கட்டில் இருந்த காப்பு வருஷக்கணக்காக மஞ்சளாகவே எரிந்துகொண்டிருந்தது.

காப்பு என்பது ஜனங்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் வலிமானி. பிறந்த குழந்தை முதல் படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வரை எல்லோர் கையிலும் ஒன்று. பச்சை என்றால் வலி இல்லை. மஞ்சள் என்றால் ஸ்கேன் அறைக் கதவு திறக்கும். சிவப்பு என்றால் படுக்கையும் மருந்தும் உடனே. நல்ல எண்ணத்தோடு தொடங்கியதுதான். பேசத் தெரியாத குழந்தைக்கும், வலியை வாய்விட்டுச் சொல்லாத பெண்ணுக்கும், ஆயிரம் பொய் சொல்லி லீவு கேட்கும் ஆளுக்கும் ஒரே அளவு. இனிமேல் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம் என்று ஊர் உலகமே கை தட்டியது.

புன்னைத்துறை தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் மீனவர் ஊர். அங்கே எல்லாக் காப்பும் பச்சை. ஒரே ஒரு கறைதான் அந்த ஊர்க் கணக்கில். வருஷம் தவறாமல், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று கரையில் கட்டிப்போடும் தடைக்காலத்தில் மட்டும் பாதி ஊர் மஞ்சளாகிவிடும். படகுகள் கிளம்பியதும் மறுபடி பச்சை. வேலை இல்லாத நாளில் உடம்பு சொகுசு கேட்கிறது என்று மேலே இருந்தவர்கள் முடிவு கட்டி, அதற்குத் 'தடைக்கால மஞ்சள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அந்த மஞ்சளை விருதுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு நிபுணர் எழுதித்தர வேண்டும். அந்த நிபுணர் நான். கோமதிநாயகம், காப்புகளின் அளவைச் சரிபார்ப்பவன். தடைக்காலத்தையும் அதற்கடுத்த மாதங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால், மே மாத வெயிலில் போய் இறங்கியவனுக்கு ஆகஸ்ட் வரை அங்கேயே ஜாகை.

லாட்ஜுக்கு எதிரே செலஸ்தின் மெஸ். நடத்துகிறவர் செலஸ்தினாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் முதல் நாளே அக்கா ஆகிவிட்டார். தடைக்காலம் என்பதால் மீன் இல்லை. சாம்பார், அப்பளம், சூரியகாந்தி எண்ணெயில் பொரித்த வாழைக்காய் பஜ்ஜி. காப்புக் கம்பெனி என்று நான் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப நீங்கதானா அது?" என்று கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மஞ்சள். "இத நம்பச் சொல்லுங்க சார் அந்த டாக்டரம்மாட்ட. வயித்துல வலது பக்கம் பிடிச்சு இழுக்கி. தோள்பட்ட வரைக்கும் ஏறுது. பொங்கலப்ப போனேன், பச்ச காட்டுச்சு, ஒண்ணுமில்லேன்னு அனுப்புனாவ. இப்ப மஞ்சள் காட்டுது, தடைக்கால மஞ்சள், கணக்குல வராதுன்னு அனுப்புதாவ. நான் எப்பத்தான் சார் வலிச்சுக்கிடணும்?"

மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர் அமலதாசன் தண்ணீர்ச் செம்பை இடது கையால் எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். விசைப்படகில் போகிறவர். ஆள் வாட்டசாட்டம்.

"ஏட்டி, சார் சாப்பிட வந்திருக்காவ. அவியள்ட்டப் போயி…" என்றார். "சும்மா ஒக்காந்தா எல்லாத்துக்கும் வலிக்கத்தான் செய்யும். படகு எறங்கட்டும், நாலு மீன் வரட்டும். தன்னால பச்சையாயிரும்."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. அந்த ஊரே அப்படித்தான் நம்பியது. ஓய்ந்து உட்கார்ந்தால் வலி தெரியும், ஓடியாடினால் தெரியாது. நானும் அறிக்கையில் ஏறக்குறைய அதையேதான் எழுதுவதாக இருந்தேன்.

ஒருநாள் கூட்டம் ஓய்ந்தபின் செலஸ்தினாள் அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அது எப்பிடி சார் கண்டுபிடிக்கி, எனக்கு வலிக்கா இல்லையான்னு?"

"உடம்புல ஒரு இடத்துல கோளாறுன்னா, அந்த இடத்துச் செல்லு தன் சுவர்ல இருக்கிற கொழுப்பையே கொஞ்சம் பிச்சு ஒரு பொருள் செய்யும் அக்கா. புரோஸ்டாகிளாண்டின்னு பேரு. ஹார்மோன் மாதிரிதான். ஆனா ஹார்மோன் ஒரு சுரப்பியில பிறந்து ரத்தத்துல ஊரெல்லாம் சுத்தும். இது பிறந்த இடத்துலயே வேலையைப் பாத்துட்டு அங்கேயே அழிஞ்சு போயிடும்."

"என்ன வேலை?"

"வீங்க வைக்கும். காய்ச்சல் வரவைக்கும். இங்க வலிக்குதுன்னு நரம்பைச் சீண்டிவிடும். கெட்டது மட்டும்தான்னு இல்ல. வயித்துல இருக்கிற அமிலம் வயித்தையே அரிச்சுடாம பாத்துக்கறதும் அதுதான். பிரசவத்துல கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கிறதும் அதுதான். வேலை முடிஞ்சு அழியுறப்போ மிச்சம் மீதி வியர்வையில வரும். அதைத்தான் காப்பு அளக்குது."

"கொழுப்புன்னா? நான் தின்னுத கொழுப்பா?"

"ஆமா, நீங்க சாப்பிட்டதுல இருந்து சேர்ந்த கொழுப்புதான்."

"அப்ப வலியக்கூட உள்ளூர்ச் சரக்குலதான் செய்யுதோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாயால் நானே என்ன சொன்னேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டாக்டரம்மாவையும் போய்ப் பார்த்தேன். பெயர் தாரகை. படிப்பு முடித்து நேராக இங்கே வந்தவர். நல்ல பெண், எதையும் மறைக்கத் தெரியாத முகம்.

"நான் என்ன சார் செய்ய முடியும்?" என்றார். "ஸ்கேன் அறைக் கதவு காப்பைப் பாத்துத்தான் திறக்குது. தடைக்கால மஞ்சளுக்குத் திறக்காதேன்னு மேலேருந்து அதையும் பூட்டிட்டாங்க. பச்சைன்னா கேக்கவே வேண்டாம்."

"வயித்துல கை வெச்சுப் பாத்தீங்களா?"

"கை வெச்சா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அவர் படித்த காலத்தில் நோயாளியைத் தொட்டு அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்பதெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் வரும் சங்கதி. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாங்கள் செய்து கொடுத்த கருவியை நம்பச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நம்பினார்.

அதற்குப் பிறகுதான் ஊரைக் கவனிக்க ஆரம்பித்தேன். குழந்தை தடுக்கி விழுந்தால் அம்மா ஓடி வருகிறாள். தூக்குகிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்க்கிறாள். பச்சை என்றால் முதுகில் ஒரு அடி, "நடிக்காத, எந்திரி." பள்ளிக்கூடத்திலும் அதே. வலை பின்னும் இடத்திலும் அதே. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால்கூட யாராவது ஒருவர் மற்றவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஊரில் இருந்த நாள்வரை "வலிக்குதா?" என்று ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்டு நான் காதால் கேட்கவில்லை.

"எதுத்த வீட்டு ரோஸ்லின் இருந்தா" என்றார் செலஸ்தினாள் அக்கா ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. "வலிக்கி வலிக்கின்னு கெடந்தா. பெத்த தாயே அவள நடிக்காதட்டின்னுட்டா. போன வருசம் பச்சையோடயே செத்துப்போனா." வெங்காயத்தை உரிப்பதை அவர் நிறுத்தவில்லை.

தடைக்காலம் முடிந்தது. படகுகள் இறங்கின. மத்தி வந்தது. சும்மா வரவில்லை, குவிந்து வந்தது. காலையில் மத்தி, மதியம் மத்தி, இரவு மத்தி. புளிக் குழம்பில் மத்தி, கல்லில் போட்டுச் சுட்ட மத்தி. எண்ணெயே விடாமல் சுடுகிறீர்களே அக்கா என்று கேட்டதற்கு, "மத்திக்கு எதுக்கு சார் எண்ணெய்? அதுவே எண்ணெய் கக்கும்" என்றார். எனக்கு அம்பாசமுத்திரம். கடல் மீன் அபூர்வம். கிடைத்த வரைக்கும் லாபம் என்று சாப்பிட்டேன், சாப்பிட்டேன், சட்டைப் பித்தான் தெறிக்கும் வரைக்கும் சாப்பிட்டேன்.

ஊர் மெல்லப் பச்சைக்குத் திரும்பியது. செலஸ்தினாள் அக்காவும் பச்சை. "பாத்தியாட்டி, நான் சொன்னம்லா" என்றார் அமலதாசன் அண்ணன். அக்கா இடுப்பை ஒருபக்கமாக ஒடித்தபடிதான் பானையை இறக்கினார்.

ஜூலை கடைசியில் ஒருநாள் பல் துலக்கும்போது பார்க்கிறேன், என் காப்பும் பச்சை! எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சென்னைக்குப் போன் போட்டேன். மேலாளர் மதுசூதன் எடுத்தார்.

"சார், இந்த ஊர்க் காத்துல ஏதோ இருக்கு. எத்தனை வருஷ முட்டி வலி, போயே போச்சு!"

"அறிக்கையில எழுதுங்க கோமதி. விருது விழாவுல வாசிக்கலாம்" என்றார் அவர் உற்சாகமாக.

போயே போச்சு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மூன்றாவது படியில் முட்டி சுருக்கென்றது. பழக்கதோஷம், மனப்பிரமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சை எரியும்போது வலி எங்கிருந்து வரும்?

ஆகஸ்டில் அந்த ஊர் மாதா கோயில் திருவிழா. விழாவுக்கு அடுத்த வாரம்தான் விருது. அமலதாசன் அண்ணன் வற்புறுத்தி என்னையும் பூசைக்கு அழைத்துப் போனார். போகும்போதே அக்கா அவரைத் திட்டிக்கொண்டு வந்தார். "கோயிலுக்குள்ளயாவது சோத்துக்கையால சிலுவை போடுங்க. எத்தன தடவ சொன்னாலும் கேக்கமாட்டாவ சார்." இடது கைக்காரரை இப்படியா வம்புக்கு இழுப்பது என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அவர் இடது கையால்தான் சிலுவை போட்டுக்கொண்டார்.

எல்லோரும் முழங்காலிட்டார்கள். மரியாதைக்கு நானும் முழங்காலிட்டேன். அவ்வளவுதான். முட்டிக்குள் யாரோ கத்தியை விட்டுத் திருப்பியது போலிருந்தது. "அம்மா!" என்று கோயிலே அதிரக் கத்திவிட்டேன்.

இருநூறு பேர் திரும்பினார்கள். இருநூறு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தார்கள். பச்சை. முதலில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. "காப்புக்கார சார் நல்லா நடிக்காவ" என்று யாரோ சொன்னார்கள். அமலதாசன் அண்ணனும் சிரித்தார். வலியைவிட அந்தச் சிரிப்பு அதிகம் வலித்தது. எழுந்திருக்கவும் முடியாமல், எனக்கு வலிக்கிறது என்று நிரூபிக்கவும் வழியில்லாமல், அத்தனை பெரிய கோயிலில் நான் மட்டும் தனியாகக் கிடந்தேன்.

சிரிக்காமல் வந்தவர் ஒருத்தர்தான். செலஸ்தினாள் அக்கா என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எனக்கும் இப்பிடித்தான் சார் இருக்கும்" என்றார் காதோடு.

மெஸ்ஸுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, இலையைப் போட்டு, சுட்ட மத்தியை வைத்தார். அதன் எண்ணெய் இலையில் மெல்லப் படர்ந்து பளபளத்தது. நான் கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்ச் சரக்குலதான் செய்யுதோம். சாப்பிட்டதில் இருந்து சேர்ந்த கொழுப்பு. தடைக்காலத்தில் மீன் இல்லை, மஞ்சள். மீன் வந்தது, பச்சை. சே, எத்தனை மாதமாக இலையில் வைத்து வைத்துக் காட்டியிருக்கிறார்கள் எனக்கு!

நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"டாக்டர், செல்லுச் சுவர்ல எந்தக் கொழுப்பு இருக்கோ, அதுக்குத் தகுந்த புரோஸ்டாகிளாண்டின்தானே வரும்? சூரியகாந்தி, கடலை எண்ணெய் சாப்பிடறவங்களுக்கு இரண்டாம் வகை. மத்தி சாப்பிட்டா அந்த எண்ணெய் உள்ள போய் இடத்தைப் பிடிச்சுக்கும். அதுலேருந்து வர்றது மூன்றாம் வகை."

"ஆமா, படிச்சிருக்கேன்" என்றார் தாரகை.

"நம்ம காப்புக்கு இரண்டாம் வகையை மட்டும்தான் அடையாளம் தெரியும். அளவு வெச்சப்போ யார் வியர்வையை எடுத்தாங்க தெரியுமா? சென்னையில அலுவலகக் கேன்டீன்ல சாப்பிடற ஆளுங்களோடது. மத்தி தின்கிற ஒருத்தர்கூட அதுல கிடையாது."

அவர் முகம் வெளுத்தது. "அப்ப இந்த ஊர்ல பச்சைன்னா…"

"மீன் சாப்பிட்டாங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான். வீக்கம் கொஞ்சம் குறையலாம், மறுக்கல. ஆனா தேஞ்ச முட்டி தேஞ்சதுதான். உள்ள ஏதாவது அடைச்சுக்கிட்டு இழுத்தா நரம்பு நேரா மூளைக்குச் சொல்லிடும், அதுக்கு இந்தத் தூதே தேவையில்ல. தடைக்காலத்துல இவங்க காட்டின மஞ்சள்தான் சார்… மன்னிக்கணும், டாக்டர்… அதுதான் இவங்களோட உண்மையான அளவு. அதைத்தான் நாம பொய்யின்னு தள்ளினோம்."

தாரகை பழைய பதிவேட்டைப் புரட்டினார். "ரோஸ்லின்னு ஒரு அம்மா" என்றார் கடைசியில். ஏட்டை மூடினார்.

மதுசூதனிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நல்ல கண்டுபிடிப்பு கோமதி. அடுத்த பதிப்புல சேத்துடலாம். விருது முடியட்டும்."

"சார், இங்க ஒரு அம்மாவுக்கு வலி முத்திக்கிட்டே போகுது."

"என்ன கலர்?"

"பச்சைதான் சார் காட்டும். அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"பச்சைன்னா அப்புறம் என்ன?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை அவர். பழகிவிட்டது, அவ்வளவுதான்.

விருதுக்கு முந்தின நாள் மதியம், கூட்டம் நெரியும் நேரத்தில், செலஸ்தினாள் அக்கா அடுப்படியில் சரிந்து விழுந்தார். குழம்புச் சட்டி கவிழ்ந்தது. கண் மஞ்சள் பூத்திருந்தது, உடம்பு குளிரில் உதறியது. அமலதாசன் அண்ணன் ஓடி வந்து அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். பச்சை. அந்த மனுஷர் பாவம், பெண்டாட்டி முகத்தையும் காப்பையும் மாறி மாறிப் பார்த்தார். எதை நம்புவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே, தூக்குங்க!" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக் கதவு அக்காவின் கையைப் பார்த்தது. திறக்கவில்லை. மறுபடி காட்டினோம். திறக்கவில்லை. தாரகை கதவைத் தன் தோளால் தள்ளிப் பார்த்தார். அறுவை சிகிச்சைக் கூடத்துக்கும் அதே பூட்டு. தூத்துக்குடிக்குக் கொண்டுபோனாலும் பச்சைக் கையைத்தான் பார்ப்பார்கள்.

என்னிடம் ஒரே ஒரு சாவி இருந்தது. அளவு சரிபார்ப்பதற்காகக் காப்புகளை அணைத்துவைக்கும் சாவி. ஒருத்தர் காப்பை மட்டும் அணைக்க முடியாது, அணைத்தால் ஊர் முழுக்க அணையும். அணைந்த இடத்தில் பழைய விதி: கதவுகளுக்கு டாக்டர் சொல் போதும். ஆனால் விருதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருஷம் முழுக்க ஒரு நிமிஷம்கூட அணையாமல் காப்புகள் எரிந்திருக்க வேண்டும். ஊருக்கு விருது போகும். என் வேலையும் போகலாம். அமலதாசன் அண்ணனிடம் சொன்னேன்.

"விருதத் தூக்கிக் கடல்ல போடுங்க சார்" என்றார்.

அணைத்தேன்.

ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. மீன் விற்றவர்கள், வாங்கியவர்கள், சைக்கிளில் போனவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கையைத் தட்டிப் பார்த்தார்கள், உதறிப் பார்த்தார்கள். காப்பில் ஒன்றும் இல்லை என்று ஆனதும், வேறு வழியில்லாமல், பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்தார்கள்.

தாரகை கட்டிலருகே குனிந்தார். அக்காவின் வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே, விரல்களை வைத்து அழுத்தினார்.

"இங்க…" அக்காவின் முகத்தைப் பார்த்தார். "இங்க வலிக்குதாம்மா?"

அக்கா வீரிட்டார். அப்புறம், அத்தனை வலியிலும், அந்தப் பெண்ணை ஆச்சரியமாகப் பார்த்தார். யாரும் கேட்டு எத்தனை வருஷமாகிறதோ.

பித்தப்பை நிறையக் கல். ஒன்று நழுவி வழியை அடைத்து, சீழ் கட்டி, வெடிக்கிற பருவத்தில் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்த அறுவை மருத்துவர் வெளியே வந்து, நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார். அமலதாசன் அண்ணன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விருது வேறு ஏதோ மலையோர ஊருக்குப் போனது. அங்கே ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாராவது போய்ப் பார்த்தால் தேவலை. என் வேலை போகவில்லை. விஷயம் வெளியே வந்துவிட்டதால் கம்பெனி அவசர அவசரமாக மூன்றாம் வகையையும் சேர்த்து அளக்கும் திருத்தத்தை அனுப்பி, நீயே போட்டுச் சோதித்துவிட்டு வா என்றது. மதுசூதன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

திருத்தத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். செலஸ்தினாள் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. பக்கத்தில் அமலதாசன் அண்ணன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"முதல்ல நல்லா இருக்கிற ஒரு ஆள்கிட்டப் போட்டுப் பாக்கணும்ணே. கையைக் குடுங்க."

சிரித்துக்கொண்டே நீட்டினார். அணைந்து கிடந்த காப்பு விழித்துக்கொண்டது. பச்சை. கொஞ்ச நேரத்தில் மஞ்சள். நான் கருவியைச் சரிபார்ப்பதற்குள் சிவப்பு.

"பழுதா இருக்கும் சார்" என்றார் அவர்.

என் கையில் போட்டுப் பார்த்தேன். மஞ்சள், என் முட்டிக்குச் சரியான மஞ்சள். தாரகை போட்டுப் பார்த்தார். பச்சை. மறுபடி அண்ணன் கையில் போட்டேன். சிவப்பு.

"எங்கயாவது வலிக்குதாண்ணே? இடது தோள்ல ஏதாவது? எல்லா வேலையும் இடது கையாலதானே செய்றீங்க."

"இவிய எடது கைக்காரவிய இல்ல சார்."

சொன்னது அக்கா. குரல் எங்கோ இருந்து வந்தது போலிருந்தது. டீத் தம்ளரை வைத்துவிட்டார்.

"கல்யாணத்தன்னைக்கு வலது கையாலதான் சிலுவை போட்டாவ. வலது கையாலதான் எல்லாம். ரெண்டு வருசமாத்தான் இப்பிடி. வலைய இழுக்கப்போயி தோள்ல என்னமோ ஆயிட்டுன்னு ஒருநா சொன்னாவ. நான் காப்பப் பாத்தேன். பச்ச. வேலைக்குப் போவச் சொணங்குதாவன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்குப் பொறவு இவியளும் சொல்லல. நானும் கேக்கல." அவர் உதடு துடித்தது. "என்ன நம்பலேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலைஞ்சேனே சார். நான் இவியள நம்பலயே."

அமலதாசன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "பச்சையாத்தானட்டி இருந்திச்சு" என்றார். "பச்சையா இருந்தா வலிக்கக் கூடாதுல்லா. தடைக்காலத்துல மஞ்சளானா, அது ஊருக்கே ஆவுததுதான. நாந்தான் சும்மா என்னமோ நெனச்சுக்கிடுதேன்னு இருந்தேன்."

சொல்லிவிட்டு, இப்போது என்ன காட்டுகிறது என்று பார்க்க மணிக்கட்டைத் தூக்கினார். ஊசி குத்தியிருந்த கையை நீட்டி அக்கா அந்தக் காப்பை இறுகப் பொத்திக்கொண்டார்.

"அதப் பாக்காதீய. என்னப் பாருங்க."

அவர் பார்த்தார்.

"வலிக்கா?"

அத்தனை பெரிய உடம்புக்காரர் சொல்லலாமா கூடாதா என்பது போல என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மறுபடி பெண்டாட்டியைப் பார்த்தார்.

"வலிக்கி, செலஸ்து" என்றார். "ரொம்ப வலிக்கி."

"எங்கன்னு காட்டுங்க."

வலது கையைத் தூக்கப் பார்த்தார். அது பாதியில் நின்றுவிட்டது. இடது கையால் தொட்டுக் காட்டினார்.